பெற்றோரின் இரத்த அழுத்தமும் பிள்ளையின் நாடியும்

மாணவ நண்பர்களே, இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வலக்கையின் நடு இரு விரல்களை இட மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே மெதுவாக அழுத்திப் பாருங்கள். நாடி தட்டுப்படும். கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எழுபது, எண்பது என்று ஏதேனும் ஓர் எண் வரும். அதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் இயற்பியல் ஆசிரியன். உடலைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அழுத்தம், அலைவு, பின்னூட்டம் ஆகிய மூன்றும் எங்கள் துறைச் சரக்குதான். மேலும் இந்தக் கட்டுரைக்குக் காரணமாக இருந்தவன் எங்கள் ஆய்வுக்கூடத்து மாணவன் ஒருவன். சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து தினமும் பேருந்தில் வருபவன். தாய் பட்டாசு ஆலைத் தொழிலாளி. தந்தை அச்சகம் ஒன்றில் காலண்டர்களுக்குத் தகடு அடிப்பவர். ஒருநாள் நாங்கள் வெர்னியர் அளவியில் சுழிப் பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது, “சார், எங்க அப்பாவுக்கு பிரஷர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. எனக்கும் வருமா சார்?” என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காரணம், அந்தக் கேள்வி என்னுடையதும்தான். என் தந்தை சிவகாசியில் ஒரு காகிதக் கிடங்கில் கணக்கு எழுதியவர். நாற்பத்தெட்டாம் வயதில் அவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு, “தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நோயே இல்லாதவனுக்கு எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார். எட்டு ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை. நான் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஆண்டு, தீபாவளி வேலை நெருக்கடியில், ஒரு காலையில் அவருடைய இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. அதற்குப் பின் அவர் கணக்கு எழுதவில்லை.

ஆகவே மாணவனிடம், “படித்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி” என்றேன். படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குழாயில் ஏறும் இரத்தம்

மருத்துவர், “நூற்று இருபது, எண்பது” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் உள்ள உச்ச அழுத்தம் 120 மில்லி மீட்டர் பாதரசம். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது 80 மில்லி மீட்டர். இப்போது மருத்துவமனைகளில் பாதரசக் கருவி படிப்படியாக விலக்கப்பட்டு மின்னணுக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் அலகு மட்டும் பாதரசத்தை விடவில்லை.

120 மில்லி மீட்டர் என்பது சிறிய அழுத்தமன்று. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி உடையது. எனவே அந்த அழுத்தம் ஒரு நீர்க்கம்பத்தை 1.63 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். அதாவது ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். இதை முதன்முதலில் நேரில் கண்டவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனியில் குழாயைச் செருகி, மேலே நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் அசைந்தது. இதனை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். அந்த உயரத்தைப் பாதரசக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். 190-க்கு மேல் வரும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு இது மிக அதிகம். கட்டுண்டு கிடந்த விலங்கின் அச்சமும் அந்தக் குழாயில் ஏறி நின்றது என்று கருத இடமுண்டு. அச்சம் எப்படி அழுத்தமாக மாறுகிறது என்பதே நம் பாடம்.

மனிதனைக் குத்திக் குழாய் செருகாமல் அளக்க வழி கண்டவர் இத்தாலியரான ரிவா-ரோச்சி (1896). கையில் காற்றுப் பையைச் சுற்றும் முறை அவருடையது. ரஷ்யரான கொரோட்கோவ் 1905-இல் அதனோடு காதுக்குழலைச் சேர்த்தார். அதன்பின்தான் கீழ் எண்ணும் தெளிவாகக் கிடைத்தது.

முடுக்கியும் தடையும்

உங்கள் தெருவில் தீபாவளியன்று சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அணுகுண்டு வெடி வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999-இல் வந்த விதி. 125 டெசிபலே குறைவானதன்று.) நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கண்பாவை விரிகிறது. இவற்றில் எதையும் நீங்கள் உத்தரவிட்டுச் செய்யவில்லை. தானியங்கு நரம்பு மண்டலம் என்னும் பகுதி உங்களைக் கேட்காமலேயே செய்துவிட்டது.

இதற்கு இரு பிரிவுகள் உண்டு. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். தண்டுவடத்திலிருந்து கிளம்பி இதயத்துக்கும் இரத்தக் குழாய்ச் சுவர்களுக்கும் செல்வது. நார் அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, இதயத்தை வேகப்படுத்தி, குழாய்களை இறுக்கும். மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். இதயத்தைப் பொறுத்தவரை அதன் முக்கிய கம்பி வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து கழுத்து வழியே இறங்கும் இந்நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்து இதயத்தை மெதுவாக்கும். பேருந்தில் முடுக்கியும் தடையும் இருப்பதைப் போல என்று சொன்னால் உங்களுக்கு எளிதாக விளங்கும்.

இங்கே இயற்பியல் மாணவருக்கு ஒரு சுவையான செய்தி. காந்தப் பாயத்தின் அலகு ‘வெபர்’ என்று படித்திருப்பீர்கள். அது வில்ஹெல்ம் வெபரின் பெயர். அவருடைய உடன்பிறந்தோர் எர்ன்ஸ்ட், எட்வர்ட் என்னும் இருவர் 1845-இல் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகிறது, சில வேளை நின்றே போகிறது என்று காட்டினார்கள். ஒரு நரம்பு உறுப்பை முடுக்குவதற்குப் பதிலாக அடக்கவும் கூடும் என்பது அக்காலத்தில் யாரும் எதிர்பாராத முடிவு. ஒரே வீட்டில் ஒருவர் காந்தத்தையும் மற்றவர் இதயத்தையும் அளந்திருக்கிறார்கள்!

பேருந்து உவமையில் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். பேருந்தில் ஓட்டுநர் முடுக்கியை விட்ட பிறகே தடையை மிதிப்பார். இதயத்திலோ இரண்டும் எப்போதும் ஓரளவு மிதிபட்டே இருக்கின்றன. இதயத்தில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு என்னும் சிறு திசு தானாகவே துடிப்பைத் தோற்றுவிக்கும். நரம்புகள் எதுவும் தொடாவிட்டால் இளைஞர் ஒருவரின் கணு நிமிடத்துக்கு 100 முறைக்குக் குறையாமல் துடிக்கும். நீங்கள் தொடக்கத்தில் நோட்டில் குறித்த எண்ணைப் பாருங்கள். எழுபதோ எண்பதோ என்றால், அந்த வேறுபாடு முழுவதும் தடையின் வேலை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் இளைஞனின் இதயம் முடுக்கியால் ஓடவில்லை. தடை போட்டு நிறுத்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்து நிற்கும்போது

இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நில்லுங்கள். எளிய செயல்தான், ஆனால் உடலுக்கு அது ஒரு நெருக்கடி. அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. தலை இதயத்துக்கு மேலே சுமார் 30 சென்டி மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரமுள்ள இரத்தக் கம்பத்தின் அழுத்தம் சுமார் 23 மில்லி மீட்டர் பாதரசம். அந்த அளவுக்கு மூளையின் பங்கு குறைகிறது. யாரும் கவனிக்காவிட்டால் நீங்கள் வகுப்பில் ஒவ்வொரு முறை எழுந்து விடை சொல்லும்போதும் மயங்கி விழ வேண்டியதுதான்.

கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணர்விகள் என்னும் நரம்பு முனைகள் உள்ளன. குழாய்ச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை நொடிதோறும் முகுளத்துக்குத் தெரிவிப்பதே அவற்றின் வேலை. இந்த ஏற்பாட்டைத் துலக்கியவர்களில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரைச் சேர்ந்த கார்னேய் ஹேமான்ஸ் முக்கியமானவர். தந்தையோடு சேர்ந்து ஆய்வு செய்தவர். பெருந்தமனியிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள உணர்விகள் மூச்சை எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றன என்று கண்டதற்காக அவருக்கு 1938-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது.

அழுத்தம் குறைந்தது என்ற செய்தி வந்ததும் முகுளம் முதலில் தடையைத் தளர்த்துகிறது. இது ஒரு நொடிக்குள் நடந்துவிடும். பரிவு நரம்பின் வேலை மெதுவானது. குழாய்கள் இறுகச் சில நொடிகள் ஆகும். அழுத்தம் ஏறியதும் மீண்டும் தடை. வெளிப்பட்ட விளைவே உள்ளே திரும்பி வந்து செயலைத் திருத்துகிறது. நாங்கள் இதனைப் பின்னூட்டம் என்கிறோம்.

பின்னூட்டத்தில் காலதாமதம் இருந்தால் அலைவு தோன்றும். வீட்டில் மேல்நிலைத் தொட்டி நிரம்பும்போது மாடியிலிருந்து ஒருவர், “நிறுத்து” என்று கத்த, கீழே உள்ளவர் நிதானமாக எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் வழிந்திருக்கும். மறுபடி போடவும் தாமதம் என்றால் மட்டம் மிகவும் இறங்கியிருக்கும். பரிவு நரம்பின் தாமதத்தால் நம் இரத்த அழுத்தத்திலும் இப்படி ஓர் ஏற்ற இறக்கம், பத்து நொடிக்கு ஒருமுறை போல, வந்துகொண்டே இருக்கிறது. வேகஸ் நரம்போ விரைவானது. ஆகையால் மூச்சோடு ஒட்டி, மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை வரும் வேகமான அலைவில் அதன் கையெழுத்தைக் காணலாம். மூச்சை இழுக்கும்போது தடை தளர்ந்து நாடி விரைகிறது. விடும்போது தடை இறுகி நாடி மெதுவாகிறது. நாடி கடிகாரம் போல ஒரே சீராக அடிப்பதுதான் நலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியன்று. இளமையும் நலமும் உள்ள இதயத்தில் அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி 0.80 நொடி, 0.84 நொடி, 0.78 நொடி என்று மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த இடைவெளிகளைச் சில நிமிடம் மின்னியல் முறையில் பதிவு செய்து கணிப்பொறியில் இட்டால், கலந்திருக்கும் அலைகளைத் தனித்தனியே பிரித்துவிடலாம். வானொலிப் பெட்டி காற்றில் கலந்து வரும் நிலையங்களைப் பிரிப்பது போலத்தான். ஃபூரியே காட்டிய கணக்கு. 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை உள்ள விரைவு அலை வேகஸின் பங்கைச் சொல்கிறது. 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ் வரை உள்ள மெது அலையில் பரிவு நரம்பின் பங்கும் கலந்திருக்கிறது. மெது அலை முழுவதும் பரிவு நரம்பின் வேலைதான் என்று ஒரு காலத்தில் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அதனை இன்று பலரும் ஏற்பதில்லை. எனவே இவ்விரண்டின் விகிதத்தைப் பார்க்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும்.

நலமான பிள்ளைகளிடம் என்ன தெரிகிறது?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காரொலின் பெடெல் தாமஸ் என்னும் பெண் மருத்துவர் ஓர் அரிய வேலையைத் தொடங்கினார். 1948 முதல் 1964 வரை அங்கே படித்து வெளியேறிய மாணவர்களிடம், அவர்கள் இருபது வயதைத் தாண்டிய நலமான இளைஞர்களாக இருந்தபோதே, பெற்றோரின் உடல்நிலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரத்த அழுத்தத்தை அளந்தார். கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தச் செய்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்த்தார். குளிர்ந்த நீர் பரிவு நரம்பை உசுப்பிவிடும். அதனால்தான் அந்தச் சோதனை. பின்னர் அந்த மாணவர்கள் மருத்துவர்களாகி, முதியவர்களாகும் வரை ஆண்டுதோறும் செய்தி கேட்டுக்கொண்டே வந்தார்கள். தொடங்கிய தாமஸ் மறைந்த பிறகும் வேலை தொடர்ந்தது.

அவர்களில் 1160 ஆண்களைப் பற்றிய 54 ஆண்டுக் கணக்கு 2008-இல் வெளியாயிற்று. பெற்றோருக்கு உயர் இரத்த அழுத்தம் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், தாய்க்கு மட்டும் இருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. தந்தைக்கு மட்டும் என்றால் 1.8 மடங்கு, இருவருக்கும் என்றால் 2.4 மடங்கு. இருவருக்கும் 55 வயதுக்குள்ளேயே வந்திருந்தால் 6 மடங்குக்கும் சற்று அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு 35-ஆம் வயதில் மட்டும் பார்த்தால் 20 மடங்கு! இந்த 20-ஐக் கண்டு அஞ்ச வேண்டாம். முப்பத்தைந்து வயதில் இந்த நோய் பொதுவாக மிகச் சிலருக்கே இருக்கும். சிறிய எண்ணின் இருபது மடங்கு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த வேறுபாடு கல்லூரி வயதிலேயே தொடங்கியிருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அன்றே அந்தப் பிள்ளைகளின் அழுத்தம், இயல்பு எல்லைக்குள்ளேயே என்றாலும், மற்றவர்களைவிடச் சற்று மேலே நின்றது.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் நிறுவனத்தின் உடலியங்கியல் துறையில் ஜி. கே. பால் குழுவினர் இளைஞர்களின் நாடி இடைவெளிகளை மேலே சொன்னபடி அலைகளாகப் பிரித்துப் பார்த்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் எல்லையைத் தொடாமல், 120-க்கும் 140-க்கும் இடையில் அழுத்தம் உள்ள இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் கொதிப்பு உள்ளவர்களைவிட, இருவருக்கும் உள்ளவர்களிடம் முடுக்கி-தடைச் சமநிலை அதிகம் பிறழ்ந்திருந்தது. முடுக்கி ஓங்கியதோடு தடை தளர்ந்ததும் அதற்குக் காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

உலகின் வேறு இடங்களிலும் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. மனக்கணக்குக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளின் அழுத்தம் சற்று அதிகமாக ஏறுகிறது. குளிர்நீரில் கையை வைத்தாலும் அப்படியே. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் வேறுபாடே தென்படவில்லை.

இங்கே ஒரு பொதுவான தவற்றை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். இரு தீப்பெட்டி ஆலைகளின் குச்சிகளை ஆயிரம் ஆயிரமாகக் கொளுத்திப் பார்த்து, முதல் ஆலைக் குச்சி சராசரியாக இரண்டு நொடி அதிகம் எரிகிறது என்று கண்டதாக வைத்துக்கொள்வோம். இனி என் கையில் உள்ள ஒரு குச்சியைக் கொளுத்தி, அது எரிந்த நேரத்தை மட்டும் வைத்து, எந்த ஆலையில் செய்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. இரு ஆலைக் குச்சிகளின் நேரங்களும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நரம்புச் சோதனைகளும் இத்தகையவையே. கூட்டத்தின் சராசரி நகர்ந்திருக்கிறது என்பது வேறு; கூட்டத்தில் உள்ள ஒருவன் நோயாளியாவான் என்பது வேறு. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

சுழிப் பிழை

நரம்பில் தொடங்கும் சிறு மாற்றம் ஆண்டுகள் கழித்து நோயாக நிலைத்துவிடுவது எப்படி? முழு விடையைச் சொல்ல நரம்பு மட்டும் போதாது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றும் திறனையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் மாணவனுக்கு நான் வெர்னியர் அளவியைக் காட்டியே விளக்கினேன். தாடைகள் ஒட்டியிருக்கும்போது சுழிக் கோடுகள் பொருந்தாவிட்டால், அளவி எல்லாவற்றையும் அதே பிழையோடு, ஆனால் மிக ஒழுங்காக அளக்கும் அல்லவா? அழுத்த உணர்விகளும் அவ்வாறே. அழுத்தம் நெடுநாள் உயர்ந்தே இருந்தால் அவை புதிய அளவையே சுழியாக ஏற்றுக்கொள்கின்றன. 150-ஐ இயல்பு என்று கொண்டு, அது 130-க்கு இறங்கினால் ‘குறைந்துவிட்டது’ என்று முகுளத்துக்குச் செய்தி அனுப்பி, ஏற்றச் சொல்கின்றன. பின்னூட்டம் கெடவில்லை, அதன் சுழிதான் இடம் மாறிவிட்டது. காவலாளியே பழகிப்போனால் உள்ளே யாருக்கும் எச்சரிக்கை வராது. என் தந்தைக்குத் தலைவலியும் மயக்கமும் இல்லாமல் போனதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

இது மரபா, வளர்ப்பா? ஐம்பதுகளில் இங்கிலாந்தில் இதைப் பற்றி ஒரு பெரிய வாதம் நடந்தது. ராபர்ட் பிளாட் என்பவர் ஒரே ஒரு மரபணுவின் வேலை என்றார். ஜார்ஜ் பிக்கரிங் மறுத்தார். மனிதரின் உயரத்தைப் போல இரத்த அழுத்தமும் இடைவெளியின்றிப் பரவியிருக்கிறது, நோயாளி இவ்வளவில் தொடங்குகிறார் என்று இயற்கை கோடு போடவில்லை என்றார். காலம் பிக்கரிங் பக்கமே நின்றது. இன்று அழுத்தத்தோடு தொடர்புடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் நம் மரபுப் பொருளில் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தருவது மிகச் சிறு பங்கு. எல்லாம் சேர்ந்தாலும் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே மரபின் கணக்கில் வரும்.

மிச்சத்தில் பெரும்பங்கு வீட்டிலும் தெருவிலும் கிடக்கிறது. பெற்றோரிடமிருந்து நாம் மரபணுவை மட்டுமா பெறுகிறோம்? சமையற்கட்டையும் பெறுகிறோம். எங்கள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவையும் சாத்தூர்க் காராச்சேவையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நானும் தின்று வளர்ந்தவன். ஆனால் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, 2007-இல் வெளியான ஒரு சென்னை ஆய்வில் சராசரி 8.5 கிராம் என்று தெரிந்தது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் வந்தால் எங்கே போகும் என்று நீங்களே கணக்கிடலாம். தூக்கக் குறைவு, புகையிலை, உடல் எடை, ஓயாத இரைச்சல் இவை எல்லாம் முடுக்கியின் பக்கமே சேருகின்றன. தடையின் பக்கம் சேருவது எது என்றால், முதலில் ஓட்டமும் நடையும் விளையாட்டும். பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் ஓய்வு நாடி ஐம்பதுகளில் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சு விடுவதும் அந்த நேரத்துக்கு வேகஸின் கையை ஓங்கச் செய்கிறது.

நீங்களே பார்க்க

நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பிறகு ஐந்து நொடி மூச்சை உள்ளே இழுத்து, ஐந்து நொடி வெளியே விடுங்கள். இப்படி ஆறு மூச்சு. நண்பர் உங்கள் நாடியைப் பிடித்து, இழுக்கும்போது வந்த துடிப்புகளைத் தனியாகவும், விடும்போது வந்தவற்றைத் தனியாகவும் எண்ண வேண்டும். ஆறு மூச்சிலும் உள்ளவற்றைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு கிடைக்கும். மருத்துவர்கள் இதையே மின்பதிவு கொண்டு, உச்ச வேகத்துக்கும் தாழ்ந்த வேகத்துக்கும் உள்ள வேறுபாடாக எடுப்பார்கள். இளைஞரிடம் அது 15-க்கு மேல் இருப்பது இயல்பு. நம் முறை சராசரி எடுப்பதால் வேறுபாடு அதைவிடக் குறைவாகவே வரும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். அடுத்ததாக எழுந்து நின்றவுடன் முதல் 15 நொடியும், ஒரு நிமிடம் கழித்து 15 நொடியும் எண்ணிப் பாருங்கள். பனிக்கட்டி நீர்ச் சோதனையையும் மூச்சை அடக்கி முக்கும் சோதனையையும் மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். அவை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியவை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த மாணவனுக்குச் செய்து பார்த்தோம். இழுக்கும்போது 82, விடும்போது 68. “தடை நன்றாகப் பிடிக்கிறது தம்பி” என்றேன். முகம் மலர்ந்தது. ஆனால் உடனே தீப்பெட்டிக் குச்சிக் கதையையும் சொன்னேன். ஒரு நல்ல எண், தந்தையின் கணக்கை அழித்துவிடாது; அது போலவே தந்தையின் கணக்கு அவன் தலையெழுத்தும் ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதிவா என்றேன். என் நோட்டையும் காட்டினேன். என் நாற்பத்தொன்றாம் வயதுப் பக்கத்தில் 138/88 என்று இருக்கிறது. அந்த ஆண்டிலிருந்துதான் நான் பேருந்தைவிட்டு நடந்து கல்லூரிக்கு வருகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இருபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. 140/90 என்பது அவர்கள் வைத்த எல்லை. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை தருகிறார்கள். ஆனால் காலையில் ஆலை வண்டி ஏறி மாலையில் திரும்பும் வீடுகளில், அவர்கள் வரும் நேரத்தில் பூட்டுதான் தொங்குகிறது.

இதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தோன்றிற்று. “தம்பி, உங்க அம்மாவுக்கு அளந்து பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன். இதுவரை யாரும் அளந்ததே இல்லை என்றான். அடுத்த வாரம் தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவனோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்தவன் தன் நோட்டைப் பிரித்துக் காட்டினான். முதல் பக்கத்தில் அவனுடைய எண்: 118/76. அதற்குக் கீழே அம்மாவின் எண்: 152/96. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அளந்த பிறகே முடிவு சொல்வார்களாம்.